குண்டானுக்குள் ஒரு குரல்

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது, பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் தெருவில் பூம்பூம் மாட்டுக்காரன் வந்து நின்றால் பார்ப்பானே அந்தப் பார்வை, கொஞ்சம் ஆச்சரியம், கொஞ்சம் சந்தேகம், ரொம்பக் கிட்டே வராமல் இருந்தால் சரி என்கிற ஒரு ஒதுக்கம், அவ்வளவுதான் என்று ரோஸ்லினுக்குப் பட்டது. கூடத்தின் இந்தச் சுவரோரம் அவள், அந்தச் சுவரோரம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவன், நடுவில் வந்ததிலிருந்து யாரும் எடுத்து வைக்காத அவளுடைய தோள்பை. அவள் மலைக்குப் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது நிற்கிறான். முதன்முதலாக நின்ற அன்றைக்கு யார் கைதட்டியிருப்பார்கள், அத்தைதான், வேறு யார். அத்தை வேண்டுமென்றேதான் பின்கட்டுக்குப் போயிருந்தாள். "நான் கண்ணு முன்னால நின்னா ஒங்கிட்ட வரமாட்டான் ரோசு. நான் போயிப் பாத்திரத்தப் போட்டுத் தேச்சிக்கிட்டு இருக்கேன், நீ சும்மா உக்காரு, பூனக்குட்டி கெணக்கா அவனா வருவான்" என்றாள். "அழுதான்னா?" என்று இவள் கேட்டதற்கு, "அழுதா என்ன, அழுதுட்டு எங்கிட்டத்தான வரப்போறான்" என்றாள். மாமியார் சீத்தம்மா அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் கோபப்பட்டுக்கொள்ளலாம், கோபம் வந்து உட்கார்ந்தால் பயத்துக்குக் கொஞ்சம் இடம் குறையும். சாயங்கால வண்டிக்குப் பிள்ளையோடு திருநெல்வேலிக்குத் திரும்புவதாகப் பேச்சு. வீட்டுக்காரன் ரெங்கராஜ் காலையில் போனில் சொன்னான்: "வந்தான்னா கூட்டிட்டு வா. கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணுனா விட்ரு, சித்திரை வரைக்கும் அம்மாகிட்டயே இருக்கட்டும். அவனுக்கும் நல்லது, ஒன் தீசிஸுக்கும் நல்லது." பேங்க் வேலை, எதையும் இரண்டு பக்கமும் சரிக்கட்டித்தான் பேசுவான். சித்திரைக்குள் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடும். பேச்சு வருகிற காலத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ, என்று தொடங்கிய நினைப்பை அவள் முடிக்காமல் விட்டாள். முடித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும், அவளுடைய ஆராய்ச்சியே அதுதான்.

மலையின் கிழக்குச் சரிவிலும் மேற்குச் சரிவிலும் ஒரே மாதிரி வெட்டுக்கிளிகள். ஒரே பச்சை, ஒரே நீளம், முகத்தில் ஒரே சாய்வு, ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்தால் இருபது வருஷமாகப் பூச்சி பார்க்கிற அவளுடைய கைடு தணிகைநாதன் சாருக்கே எது எந்தப் பக்கத்தது என்று சொல்ல வராது. ஆண் பின்னங்காலைத் தூக்கி இறக்கையில் உரசும், தொடையின் உட்பக்கம் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கிறது, அது இறக்கை நரம்பில் பட்டுப் பட்டுப் பாட்டாகிறது. கிழக்கே அந்தப் பாட்டு இரண்டு வெட்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு வெட்டு. மேற்கே அதே வெட்டுத்தான், இடைவெளி மட்டும் ஒரு இழை நீளம். அந்த ஒரு இழைக்காகத்தான் ஐப்பசி மழையில் ஏறினவள் தை முடியத்தான் இறங்கினாள். எந்தக் காலத்திலோ நடுவில் காடு மறித்து இரண்டு புல்வெளியும் பிரிந்துபோயிருக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கத்துப் பெண்கள் சுருக்கிப் பாடுகிறவனுக்குப் பதில் கொடுத்து, அந்தப் பக்கத்துப் பெண்கள் இழுத்துப் பாடுகிறவனுக்குப் பதில் கொடுத்து, பிள்ளைகளும் அப்படியே பாடி, பேத்திகளும் அப்படியே விரும்பி, யாரும் எதையும் தீர்மானிக்காமல் அது பாட்டுக்கு நடந்து, கடைசியில் ஒருநாள் காடு விலகி இரண்டும் ஒரே புல்லில் வந்து உட்கார்ந்தாலும் கிழக்கத்திப் பெண் மேற்கத்தி ஆணுக்குக் காலை அசைக்காது. கேட்காமல் இல்லை. நன்றாகக் கேட்கும். தனக்கில்லை என்று இருந்துவிடும். அந்த இருந்துவிடுதலிலிருந்துதான் புது இனம் ஆரம்பிக்கிறது. உடம்பில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்க வேண்டாம், கூண்டில் வேறு வழியில்லாமல் போட்டால் இரண்டும் சேர்ந்து குஞ்சுகூடப் பொரிக்கும். "ஒடம்பு சரிங்குது, காதுதாம்மா இல்லைங்குது" என்பார் சார், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போல. இதை இன்றைக்கு வந்த பிறகு அத்தைக்குச் சொல்லிப் பார்த்தாள். அத்தை கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "யாரு யாரு கூடப் போறாங்கன்னு பாக்கவா பச்சப்புள்ளய விட்டுட்டு மல ஏறுன? நம்ம தெருவுல நாலு பேரக் கேட்டிருந்தா உக்காந்த எடத்துல சொல்லிருப்பாங்களே" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது, ஏனென்றால் அந்தத் தெரு இவர்கள் கல்யாணத்தை எப்படிப் பேசியது என்று இருவருக்கும் ஞாபகம் இருந்தது. பாளையங்கோட்டையில் சிஸ்டர்கள் பள்ளியில் படித்த கிறிஸ்தவப் பெண், சாத்தூரில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பத்துப் பையன். மனிதர்கள் எல்லாரும் ஒரே இனம் என்று அவள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். இரண்டு பக்கத்துச் சித்தப்பாமாரும் அந்தப் பாடம் நடத்தின அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

"அமுதா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் அவள் வாயைப் பார்த்தான், கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்தான். குக்கர் ஒரு விசில் அடித்தது, அதற்கு அவன் அசையவில்லை. நல்லவேளை, அவனுக்குக் காது கேட்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை, அந்தப் பயத்தை அவள் அவன் பிறந்த வாரத்திலேயே தீர்த்துக்கொண்டாள், கைதட்டி, சாவிக்கொத்தை ஆட்டி, ரெங்கராஜ் திட்டுகிறவரை. இது வேறு பயம். இதற்குக் கைதட்டிப் பார்க்க முடியாது. அவன் வயிற்றில் இருக்கும்போது அவள் ஆய்வுக்கூடத்தில் எல்லாரிடமும் ஒரு வேடிக்கை சொல்வாள், வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றில் இருக்கிறது, எனக்கும் இப்போது அப்படித்தான் என்று. உண்மைதான், வெட்டுக்கிளிக்கு வயிற்றின் இரண்டு பக்கமும் சின்னச் சவ்வு, அதுதான் காது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு வெளிச்சத்தம் அத்தனையும் வடிகட்டித்தான் போகும், கீச்சுச் சத்தமெல்லாம் சுவரில் நின்றுவிடும், அடித்தொண்டைச் சத்தம் மட்டும் உள்ளே இறங்கும், அம்மாவின் குரலில் அந்த அடிப்பாகத்தைத்தான் பிள்ளை மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று எங்கேயோ படித்து, ராத்திரியில் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தி ரெங்கராஜிடம் பேசியிருக்கிறாள், சாம்பாரில் உப்பு கம்மி என்பதைக்கூட. அந்த அடிப்பாகத்தைத்தான். அதைத்தான் அவள் வெட்டி எறிந்திருந்தாள்.

மலைக்குப் போன முதல் வாரமே குரலைப் பதிவுபண்ணி அனுப்பிவிட்டாள். அது அவளாகச் செய்த ஏற்பாடு, அத்தை கேட்கவில்லை, ரெங்கராஜ் கேட்கவில்லை. வெட்டுக்கிளிப் பாட்டைப் பதிவுபண்ணி ஸ்பீக்கரில் போட்டால் பெண் பதில் கொடுக்கிறது, அப்படியானால் பிள்ளைக்கும் போடலாம், சாப்பிடும்போது, குளிக்கும்போது, தூங்கும்போது, என் குரல் அவன் காதிலிருந்து இறங்காமல் இருந்தால் போதும். வனத்துறைக் குவார்ட்டர்ஸில் ஜன்னலைச் சாத்திவிட்டு, பூச்சிக்குப் பிடிக்கிற அதே மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, அமுதா, அம்மாடா, இங்கே பார், அம்மா பாடட்டுமா என்று தொடங்கித் தானே கட்டின ஒரு தாலாட்டைப் பாடினாள். பாடக் கூச்சம். ஏழாம் வகுப்பில் கொயரில் நின்றபோது சிஸ்டர் பெர்னதெத் காதோரம் வந்து, "ரோஸ்லின், யூ ஜஸ்ட் மூவ் யுவர் லிப்ஸ்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து யார் முன்னாலும் அவள் பாடினதில்லை, கோயிலில்கூட உதட்டைத்தான் அசைப்பாள். அதனால் பதிவை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம்பண்ணினாள். தினமும் இருபது முப்பது பூச்சிப் பாட்டைச் சுத்தம்பண்ணுகிற கை, அதற்குத் தெரிந்ததைத்தான் அது செய்தது. சுருதி தப்பின இடத்தை வெட்டியது, இருமலை வெட்டியது, வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற சத்தத்தையெல்லாம் வெட்டி ஒட்டியது, கடைசியாக எப்போதும் செய்கிற மாதிரி அடிச்சத்தம் முழுவதையும் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டது. வெட்டுக்கிளி பாடுவது உச்சாணியில், கீழே இருப்பதெல்லாம் காற்று, தூரத்து லாரி, ஜெனரேட்டர், மனிதர்கள் பேசுகிற பேச்சு. மனிதப் பேச்சைத்தான் முதலில் எடுப்பார்கள். அனுப்பிவிட்டு ஹெட்போனில் ஒருமுறை கேட்டாள், குரல் கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது, சளி பிடித்திருக்கிறது, அதனாலிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடிச்சத்தத்தை எடுத்ததால்தான் மெலிந்தது என்று உறைத்தது பிறகுதான், உறைத்தபோது அத்தை போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒன் பாட்டுன்னா உசிரா கேக்கான் ரோசு, சோறு எறங்குதுல்ல. என்ன, சத்தம் பத்தல. நான் போனத் தூக்கிக் குண்டானுக்குள்ள போட்டுட்டேன், ஜம்முனு கேக்குது, தெருவே கேக்குது. இவன் குண்டானுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுச் சிரிக்கான் பாரு, பக்கத்து வீட்டு வேலம்மாகூட வந்து பாத்துட்டு, என்னடா ஒங்கம்மா பாதாளத்துல இருந்து பாடுறாளான்னு கேட்டுட்டுப் போறா." திருத்தி வேறு அனுப்பியிருக்கலாம். பிள்ளை சிரிக்கிறான் என்கிறார்கள், வேலை செய்கிற ஒன்றில் எதற்குக் கைவைப்பது என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு மத்தியானம்தான் ஒரு கிழக்கத்திப் பெண் ஸ்பீக்கருக்குப் பதில் கொடுத்தது. பக்கத்துக் கூண்டில் நிஜமான ஆண் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்க, அதைத் திரும்பியும் பாராமல், சல்லடை மூடின ஸ்பீக்கர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு காலை அசைத்து அசைத்து அதற்குப் பதில் சொன்னது. அவளுக்கு ஒரே சந்தோஷம். சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இறங்க மறுத்த பூச்சியை அவர்கள் தூரிகையால் தள்ளி இறக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு வந்து இறங்கினதும் முதல் வேலையாகக் குண்டானுக்குள்ளிருந்து போனை எடுத்து அணைத்து அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டாள். ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் எதற்கு வந்தான் என்று தெரியாது. இப்படித்தான் அவளுக்கு யோசிக்க வருகிறது, பயப்படும்போது இன்னும் அதிகமாக. குண்டான் இருந்த இடத்திலேயே இருந்தது, கட்டிலுக்கு அடியில், பெரிய எவர்சில்வர் குண்டான், விளிம்பில் சீத்தம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியது. சரி, பாடிப் பார்க்கலாம். பின்கட்டில் தேய்ப்புச் சத்தம் நின்று நின்று வந்தது, அத்தை காதை இங்கேதான் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது, உதட்டை மட்டும் அசைத்தால் போதாதா என்று ஒரு கணம் இருந்தது. பாடினாள். "தும்பை பூத்தாச்சு தூங்கடா கண்ணே, துணைக்கு நானாச்சு தூங்கடா கண்ணே." சொந்த வரி, ஒன்றும் பிரமாதமில்லை. முதல் வரியிலேயே பிள்ளையின் முகம் மாறியது. கண் அகலமாகி, வாய் திறந்து, ஒரு கையைக் கட்டில் காலிலிருந்து எடுத்தான். அவள் பாட்டை விடவில்லை. அவன் ஒரு அடி வைத்தான். தள்ளாடி இரண்டாவது அடி. பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பொத்தென்று உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக் குண்டானை இழுத்தான். கரகரவென்று தரையில் இழுபட்டு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். பாட்டு அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறது, குண்டானில் ஒன்றும் இல்லை. தலையை உள்ளே விட்டான், எடுத்தான், பாடுகிறவளை ஒருமுறை எரிச்சலாகத் திரும்பிப் பார்த்தான், முக்கியமான வேலை நடக்கும்போது குறுக்கே சத்தம்போடுகிறவர்களைப் பார்ப்பதுபோல, மறுபடி தலையை உள்ளே விட்டு, "ம்மா?" என்று கூப்பிட்டான்.

அவள் பாட்டை நிறுத்தினாள். சொல் இருக்கிறது. சொல் வந்துவிட்டது, அதுவும் தெளிவாக, அத்தை ஒவ்வொரு தடவையும் போனைப் போட்டுவிட்டு இந்தா அம்மா, இந்தா அம்மா என்று சொல்லிச் சொல்லி விசுவாசமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறாள், தன்னை அம்மா என்று கூப்பிட ஒருநாளும் விட்டதில்லை, அதில் அவளைக் குறைசொல்ல வழியில்லை. ஆய்வுக்கூடமாக இருந்தால் இது நல்ல முடிவு, சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு. குரலையும் அடையாளம் தெரிகிறது, அழைக்கவும் தெரிகிறது, இடம்தான் வேறு. கலப்புக் குஞ்சுகளை நினைத்தாள், கூண்டில் பிறந்தவை, அவை வளர்ந்து பாடும் பாட்டு கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுப் பாடும், எந்தப் பக்கத்துப் பெண்ணும் காலை அசைக்காது, அவை தெரியாமல் பாடிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பார்க்க அவளுக்கு ஒருபோதும் பாவமாக இருந்ததில்லை, இப்போதும் இல்லை, பூச்சி பூச்சிதான். ஆனால் நடுவில் நிற்பது பிள்ளைதான் என்று இதுவரை நினைத்திருந்தாளே. அவன் வீட்டில் தெலுங்கில் தண்ணீர் கேட்டு, தெருவில் தமிழில் விளையாடி, நாளைக்குப் பள்ளியில் இங்கிலீஷில் பாடம் ஒப்பித்து எல்லா இடத்திலும் பதில் வாங்கிக்கொள்வான். பதில் வராத பாட்டைப் பாடிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது இந்தச் சுவரோரத்தில்தான். போனை எடுத்து உள்ளே போட்டுவிடலாம். எழுந்து கை நீட்டினால் எட்டுகிற அலமாரி. போட்டால் சிரிப்பான், சிரிக்கச் சிரிக்கத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறிவிடலாம், திருநெல்வேலியில் வேறு குண்டான் இல்லையா என்ன. பிறகு? பிறகு அவள் அடுக்களையில் நிற்பாள், கூடத்தில் மூச்சே வாங்காத ஒருத்தி சுருதி தப்பாமல் பாடிக்கொண்டிருப்பாள், பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடுவான்.

"என்ன ரோசு, சத்தத்தையே காணோம்" என்று பின்கட்டிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "தூங்கிட்டானா, தூங்கிட்டியா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

பிள்ளைக்கு அழுகை திரண்டுகொண்டிருந்தது. உதடு பிதுங்கி, குண்டான் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்து, இன்னும் ஒரு நொடியில் கத்தப்போகிறான், கத்தினால் அத்தை ஓடிவருவாள், அவன் அவள் இடுப்பில் ஏறுவான், பிறகு சித்திரை வரைக்கும் இங்கேதான். ரோஸ்லின் தவழ்ந்து போனாள். நடந்து போனால் உயரமாகத் தெரிவோம் என்றோ என்னவோ முழங்காலால்தான் போனாள், புடவை காலில் சிக்கியது, தோள்பையை ஒரு தள்ளுத் தள்ளினாள். பிள்ளை குண்டானை விட்டுப் பின்னால் நகர்ந்தான். அவனைத் தொட அவள் கை நீட்டவில்லை. குண்டானைத் தூக்கி மடியில் சாய்த்து, குனிந்து, முகத்தை அதற்குள் விட்டாள். உள்ளே இருட்டு. புளி வாடை, பாத்திரம் தேய்க்கிற சபீனா வாடை, காதுமடல் இரண்டிலும் விளிம்பு ஜில்லென்று முட்டியது. இதைப் பார்த்தால் வேலம்மா தெருவுக்கே சொல்வாள், பார்க்கட்டும். தும்பை பூத்தாச்சு என்று தொடங்கினாள், தொடங்கின குரல் எங்கேயோ போய் முட்டிப் பெரிதாகத் திரும்பிவந்து அவள் முகத்திலேயே விழுந்தது. யார் குரல் இது. மலையில் ஹெட்போனில் கேட்ட மெல்லிசு இல்லை, கொயரில் அடக்கினதும் இல்லை, அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு, துணைக்கு என்கிற இடத்தில் சுருதி நழுவுகிறது, நழுவினால் நழுவட்டும், மூச்சு முட்டுகிறது, சொந்த மூச்சின் சூடே கன்னத்தில் அடிக்கிறது. வெளியே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றால் முகத்தை எடுக்க வேண்டும், எடுத்தால் அவன் வாசற்படி தாண்டி அத்தையிடம் போயிருப்பது தெரிந்துவிடும், அதனால் எடுக்கவில்லை, இரண்டாவது வரியைப் பாடினாள், அதையே திரும்பப் பாடினாள். குண்டான் கனத்தது. முதலில் அவள் கைதான் சோர்கிறது என்று நினைத்தாள். கனம் ஒரு பக்கமாக இருந்தது, இடது பக்கம், அசைகிற கனம். பிறகு அவள் கழுத்தோரம், குண்டான் முடிந்து அவள் தொடங்குகிற இடத்தில், ஈரமான சின்ன விரல்கள் வந்து தடவின, தாடைக்குக் கீழே போயின, பாட்டு அதிர்கிற தொண்டைக்குழியில் போய் நின்றன.

தேய்ப்புச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. பின்கட்டு வாசல் பக்கமிருந்து அத்தையின் குரல் கேட்டது, குண்டானுக்குள் வந்து சேரும்போது அதுவும் தூரத்துக் குரலாகத்தான் இருந்தது. "சாயங்காலம் போகயில அந்தக் குண்டானையும் தூக்கிட்டுப் போயிரு. எனக்கு வேற இருக்கு." கொஞ்சம் நேரம் கழித்து, "இருந்தாலும் வாரத்துக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டு, என்ன" என்றாள். எதைக் காட்டச் சொல்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. சரி அத்தை என்று சொல்ல வேண்டும், சொல்ல வேண்டுமானால் பாட்டை நிறுத்த வேண்டும். ரோஸ்லின் நிறுத்தவில்லை, மூச்சு வாங்குவதற்கு மட்டும் ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணத்துக்குள், வெளியிலிருந்து, பொறுமையில்லாத ஒரு உள்ளங்கை குண்டானில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது.